கூட்டத்தோடு மல்லுக்கு நின்ற நடிகவேள்

நாடகக் கொட்டகையின் வாசலில் சில செங்கல் துண்டுகள், கருங்கற்கள், பிய்ந்த செருப்புகள். முந்தைய இரவு மேடையை நோக்கிப் பறந்து வந்தவை. கோழைகள் விட்டுப்போன சாமான்கள் இவை என்ற பொருளில் பக்கத்தில் ஓர் அறிவிப்பு. டிக்கெட் வாங்கி உள்ளே போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். எறிந்த கைக்காரர்களும் அந்த வரிசையில் இருந்திருப்பார்கள். 'நடிகவேள்' எம்.ஆர்.ராதாவின் நாடகம் படுதா தூக்கும்வரை காத்திருக்காது, வாசலிலேயே ஆரம்பித்துவிடும்.

இன்றைக்கு அவரை நமக்கு ஒரு குரலாகத்தான் தெரியும். மிமிக்ரி மேடை ஏறுகிற பையன்கள் முதலில் எடுப்பது அந்தக் குரலைத்தான். அடித்தொண்டையில் கரகரவென்று கிளம்பி, பாதி வாக்கியத்தில் சட்டென்று கீச்சுக் குரலுக்குத் தாவி, மறுபடி கீழே இறங்கும் அது. 'காந்தா' என்று ஒரு சொல்லை இழுத்தால் போதும், 'ரத்தக்கண்ணீர்' பார்த்திராத கல்லூரி மாணவன்கூடச் சிரிக்கிறான். வெளியாகி எழுபது வருஷம் தாண்டிய படத்துக்கு இது பெரிய ஆயுள்தான். ஆனால் ராதா என்ற நடிகரில் சினிமா பிடித்து வைத்தது ஒரு கால் பங்குதான் இருக்கும் என்பது என் கணிப்பு. மீதி முக்கால் பங்கு தமிழ்நாட்டின் கீற்றுக் கொட்டகைகளில் இரவோடு இரவாகப் பேசி முடிந்துவிட்டது. அதைப் படம் பிடித்தவர் யாருமில்லை.

1907-இல் சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவர். மெட்ராஸ் ராஜகோபால் ராதாகிருஷ்ணன் என்பது சுருங்கி எம்.ஆர்.ராதா ஆனது. பட்டாளத்துக்குப் போன தகப்பனார் முதல் உலகப் போரில் இறந்துபோனார். சாப்பாட்டில் தனக்கு வேண்டிய மீன் துண்டு கிடைக்காததற்கு அம்மாவிடம் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடியதாகவும், எழும்பூர் ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கப் போன இடத்தில் ஒரு நாடகக் கம்பெனிக்காரர் கண்ணில் பட்டு அப்படியே மேடைக்கு வந்து சேர்ந்ததாகவும் ராதா பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு மீன் துண்டுக்காக ரோஷப்பட்ட அந்தச் சிறுவனின் குணம் கடைசிவரை அவரிடம் மாறவில்லை. அதனால் அவருக்கு விளைந்த நன்மையும் உண்டு, நாசமும் உண்டு.

அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனி என்பது பள்ளிக்கூடம், அநாதை விடுதி, ராணுவ முகாம் மூன்றும் சேர்ந்த ஓர் இடம். விடியற்காலையில் எழுப்பிக் குரல் சாதகம். பிறகு பாடம். தப்பினால் அடி. மீசை முளைக்காத பையன்கள் ஸ்திரீபார்ட் போடுவார்கள். நல்ல சாரீரம் உள்ளவன் ராஜபார்ட்டுக்கு உயர்வான். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அத்தனை நாள் செல்லப்பிள்ளையாக இருந்தவன் ஒரே வாரத்தில் வேண்டாதவன் ஆவான். ஜெகந்நாதய்யர் கம்பெனி போன்ற பெரிய கம்பெனிகள் வழியாக வளர்ந்த ராதாவுக்கு இதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. அவர் பாட்டுக்காரர் அல்லர். பாட்டில்லாத நடிகனுக்கு அன்றைய நாடகத்தில் நடுமேடை கிடையாது.

ஆகவே ஓரங்களைப் பிடித்துக்கொண்டார். பபூன் வேஷம், வில்லன் வேஷம், தாவுவது, குதிப்பது, சண்டை போடுவது எதையும் விடவில்லை. மேடைக்குப் பின்னால் எலெக்ட்ரிக் வேலையும் மோட்டார் ரிப்பேரும் கற்றுக்கொண்டார். மேடையிலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காட்டி ஜனங்களை வாய்பிளக்க வைத்தார். சுருதி சேராத தொண்டையை மறைக்காமல், அதன் உடைசலையே ஆயுதமாக்கிக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. கரகரப்பும் கீச்சும் மாறிமாறி வரும் அந்தப் பேச்சு, பாட்டு வராதவர் கண்டுபிடித்த பாட்டு. அதற்கும் தாளம் உண்டு. எங்கே நிறுத்தினால் கொட்டகை சிரிக்கும், எங்கே நிறுத்தினால் சிரித்தவன் வாயை மூடிக்கொள்வான் என்ற கணக்கு அதில் துல்லியமாக இருந்தது.

சினிமா முதலில் அவருக்கு ஒத்துவரவில்லை. 1937-இல் 'ராஜசேகரன்' படத்தில் உயரத்திலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். 'பம்பாய் மெயில்', 'சந்தனத்தேவன்', 'சத்தியவாணி' என்று சில படங்கள் வந்தன, போயின. தியாகராஜ பாகவதரும் பி.யு.சின்னப்பாவும் பாடிப்பாடி ஆண்ட திரையில் இவருக்கு என்ன வேலை? மறுபடி நாடகத்துக்கே திரும்பினார். 1940களின் தொடக்கத்திலிருந்து 1954 வரை சினிமா பக்கம் அவர் தலைவைக்கவில்லை. தமிழ் நடிகர்களின் வரலாற்றில் இந்த இடைவெளி விசேஷமானது. மற்றவர்கள் நாடகத்திலிருந்து சினிமாவுக்கு ஏணி வைத்துக்கொண்டிருந்த வருஷங்களில், ஏறிய ஏணியிலிருந்து இறங்கி வந்து மேடையில் தன்னை முழுசாக உருவாக்கிக்கொண்டவர் அவர்.

சொந்தக் கம்பெனி, சொந்த ஆட்கள், ஊர்ஊராக முகாம். 'இழந்த காதல்' அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. திராவிடர் கழகத்தோடும் பெரியாரோடும் நெருக்கம் ஏற்பட்ட பிறகு நாடகங்களின் முனை கூர்மையானது. விதவைத் திருமணத்தைப் பேசிய 'விமலா', பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையால் சென்னை மாகாணமே அல்லோலப்பட்டிருந்த காலத்தில் அவர் பெயரிலேயே ஒரு நாடகம், மு.கருணாநிதி எழுதிய 'தூக்குமேடை' என்று வரிசையாக வந்தன. கருணாநிதியின் பெயருக்கு முன்னால் கடைசிவரை ஒட்டிக்கொண்ட 'கலைஞர்' என்ற பட்டம், 'தூக்குமேடை' காலத்தில் ராதா கொடுத்தது. நூறு மாநாடு போடுவதும் ராதாவின் ஒரு நாடகமும் சமம் என்ற பொருளில் அண்ணா சொன்னதாக இன்றும் மேடைகளில் எடுத்துச் சொல்வார்கள். அண்ணாவே நாடகம் எழுதி, வேஷம் கட்டி நடித்தவர் என்பதால் அந்தப் பாராட்டுக்குத் தனி மதிப்பு உண்டு.

ராதாவின் தொழில் ரகசியம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அவர் கூட்டத்தை நிம்மதியாக உட்கார விடமாட்டார் என்பதைத்தான் சொல்ல வேண்டும். மற்ற நடிகர்கள் ஜனங்களின் அனுதாபத்தைச் சம்பாதிக்கப் பார்த்தார்கள். ராதா அவர்களோடு வாக்குவாதம் செய்தார். திருவாரூர் கே.தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' ஒரே கதைதான். வெளிநாடு போய் வந்த பணக்கார மோகனசுந்தரம், கட்டிய மனைவியை உதறிவிட்டு தாசி காந்தாவிடம் சொத்தை இழந்து, தொழுநோய் கண்டு, தெருவில் பிச்சை எடுத்து அழிகிறான். ஆயிரக்கணக்கான இரவுகள் அதையே நடித்தார். ஆனாலும் பார்த்தவர்களே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அன்றைக்குப் பத்திரிகையில் வந்த செய்தி ராத்திரி மோகனசுந்தரத்தின் வாயில் வரும் என்பதுதான் காரணம். விலைவாசி, தேர்தல், மந்திரி பேச்சு, உள்ளூர்ப் பெரிய மனிதரின் கோயில் திருப்பணி எதுவும் தப்பாது. நேற்றைய வசனம் இன்றைக்கு இருக்காது. முன்வரிசை நாற்காலிக்காரர்களைக் கிண்டல் செய்தால் தரை டிக்கெட் ஆரவாரிக்கும். அந்த ஆரவாரம் அடங்குமுன் கத்தி தரை டிக்கெட் பக்கம் திரும்பும்.

உடம்பு அழுகிக்கொண்டிருக்கும் ஒரு பாத்திரத்தின் வாயில் நையாண்டியை வைத்தது பெரிய நாடகத் தந்திரம். இழக்க ஒன்றுமில்லாதவன் என்ன வேண்டுமானாலும் பேசலாம். மோகனசுந்தரம் பணக்காரனாக இருக்கும்போது பேசும் திமிர்ப் பேச்சும், பிச்சைக்காரனான பின் பேசும் பேச்சும் ஒரே குரல், ஒரே கிண்டல்தான். கேட்கிறவனுக்குத்தான் அர்த்தம் மாறிவிடுகிறது. முன்னதைக் கேட்டு வெறுத்தவன், பின்னதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு 'ரத்தக்கண்ணீர்' பார்க்கையில் உறுத்துகிற இடங்கள் இருக்கின்றன. தொழுநோய் கிருமியால் வருவது, மருந்தால் குணமாவது. அதைப் பாவத்தின் சம்பளமாகக் காட்டியதில், மூடநம்பிக்கையைச் சாடிப் பிழைத்த ஒரு மேடையே இன்னொரு மூடநம்பிக்கைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறது. காந்தாவும் அப்படியே. ஊரைக் கெடுத்தவள் தாசி என்ற பழைய கணக்கையே கதை மறுபடி போடுகிறது; அவளைத் தாசியாக்கியது யார் என்ற கேள்வி வரவில்லை. மறுபக்கம், மோகனசுந்தரம் தன் மனைவிக்குத் தன் நண்பனையே மணமுடித்து வைக்கும் முடிவு அந்தக் காலத்துக்கு எவ்வளவு துணிச்சலானது என்பதையும் மறக்க முடியாது. புருஷன் உயிரோடிருக்கும்போதே பெண்ணுக்கு மறுமணம்! கல்லானாலும் கணவன் என்று படமெடுத்துக்கொண்டிருந்த ஊர் இது.

1954-இல் நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாள், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் அதைப் படமாக்கினார். 'பராசக்தி' எடுத்த அதே கூட்டணி. நாடகத்தை நிறுத்திவிட்டுப் படப்பிடிப்புக்கு வரமாட்டேன், நாடகம் முடிந்த பிறகே வருவேன் என்று ராதா நிபந்தனை போட்டதாகவும், அன்றைக்கு நடிகர்கள் கனவிலும் கேட்காத லட்ச ரூபாய்க் கணக்கில் சம்பளம் கேட்டு வாங்கியதாகவும் சினிமாக்காரர்கள் சொல்வார்கள். படத்தில் சி.எஸ்.ஜெயராமன் பாடும் 'குற்றம் புரிந்தவன்' பாட்டு வருகிற காட்சியைக் கவனித்துப் பாருங்கள். பாட்டு ஒரு வரி ஓடும், ராதா குறுக்கே பேசுவார், பாட்டு தொடரும், மறுபடி குறுக்கே விழுவார். சோகப் பாட்டு சோகமாகவே ஓடிவிடாதபடி அவரே அதைக் கிழித்துக்கொண்டிருப்பார். நாடகக் கொட்டகையில் அவர் இரவெல்லாம் செய்த வேலை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு நம்மிடம் மிஞ்சியிருக்கும் மிக நல்ல சாட்சி அந்தச் சில நிமிஷங்கள்.

அதே 1954-தான் மேடையில் அவருக்குப் பெரிய போர் நடந்த வருஷம். ராமாயணத்தைத் தலைகீழாகப் பார்க்கும் அவருடைய நாடகம் ஊர்ஊராகக் கலகம் கிளப்பியது. மனம் புண்படுகிறவர்கள் தயவுசெய்து வரவேண்டாம், அவர்கள் காசும் எனக்கு வேண்டாம் என்ற தோரணையில் அவர் விளம்பரம் செய்ததைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். தடை, கைது, வழக்கு, ஜாமீன், அடுத்த ஊர் என்று ஓடியது பிழைப்பு. ஒரு நாடகத்துக்குத் தடை போட்டால் மறுநாள் அதே நாடகம் வேறு பெயரில் அரங்கேறும். தடை உத்தரவில் எழுதியிருந்தது பழைய பெயர்தானே! வெள்ளைக்காரன் 1876-இல் போட்ட நாடகச் சட்டம் இவருக்குப் போதாது என்று கண்ட மாகாண அரசு, 1954-இல் புதிதாக ஒரு நாடக நிகழ்ச்சிச் சட்டத்தையே கொண்டுவந்தது. நாடகப் பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்கவும், ஆட்சேபகரமானது என்று கருதினால் தடுக்கவும் அதிகாரிகளுக்கு அது வழிசெய்தது. தினம் ஒரு வசனம் பேசுகிறவரிடம் எந்தப் பிரதியை வாங்கிப் பார்ப்பது என்று யோசித்தார்களா தெரியவில்லை. ராதாவை மனதில் வைத்தே போட்ட சட்டம் என்று அன்றே பேசிக்கொண்டார்கள்.

சினிமா அவரை முழுசாக வளைத்துக்கொண்டது 1950களின் கடைசியில்தான். அப்போது அவருக்கு ஐம்பது வயது. கதாநாயகர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில் இவருக்கு சினிமா வாழ்க்கை ஆரம்பமாகிறது. 'பாகப்பிரிவினை'யில் கூட்டுக் குடும்பத்தை உடைக்க வருகிற சிங்கப்பூர் சிங்காரம், 'பாவமன்னிப்பு' படத்தின் ஆளவந்தார், 'புதிய பறவை'யில் நிழல்போல வந்து நிற்கும் ரங்கன் என்று எத்தனை பாத்திரங்கள்! 1960களின் முற்பாதியில் அவர் இல்லாத பெரிய படம் அபூர்வம். வில்லன் என்றால் உருட்டுக் கண்ணும் உறுமலும் என்றிருந்த வழக்கத்தை உடைத்து, சிரிக்க வைத்துக்கொண்டே குடியைக் கெடுக்கும் ஆளைக் கொண்டுவந்தார். அவர் செய்யும் அயோக்கியத்தனத்தை நாம் ரசித்துக்கொண்டிருக்கிறோம் என்பது பாதிப் படத்தில்தான் நமக்கே உறைக்கும்.

சிவாஜி கணேசனோடு அவர் சேர்ந்த படங்கள் தனி ருசி. சிறுவன் கணேசன் திருச்சியில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தபோது அங்கே பெரியவராக இருந்தவர் ராதா. திரையில் எத்தனை பெரிய நடிகரானாலும் சிவாஜிக்கு அவர் அண்ணன்தான். 'பலே பாண்டியா'வில் இருவருக்குமே ஒன்றுக்கு மேற்பட்ட வேஷம். சிவாஜிக்கு மூன்று, ராதாவுக்கு இரண்டு. மாமாவும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து கச்சேரி செய்யும் பாட்டுக் காட்சியில், பாட்டு வராததால் ராஜபார்ட் கிடைக்காமல் போன அந்த மனிதர் ஸ்வரத்துக்கு வாயசைத்துக் கொண்டு செய்யும் சேஷ்டைகளைப் பாருங்கள். சங்கீத வித்வான்களின் அத்தனை அங்க சேஷ்டைகளையும் நாடக மேடையின் ஓரத்தில் நின்று எத்தனை வருஷம் கவனித்து வைத்திருந்தாரோ!

எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமலே வசனம் பேசுவதும் அவரிடம் கவனிக்க வேண்டிய ஒன்று. கண் எங்கோ பக்கவாட்டில் இருக்கும். திரையில் அது ஒரு பாணியாகத் தெரிகிறது. எனக்கென்னவோ அவர் கேமராவுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் தரை டிக்கெட்டோடு பேசிக்கொண்டிருப்பதாகவே தோன்றும். ஸ்டுடியோவுக்குள் கொட்டகையைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். பணமும் புகழும் வந்த பிறகும் சினிமாவின் பவிசு அவரிடம் ஒட்டவில்லை. இம்பாலா கார் வாங்கியவர் அதில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு போனார் என்ற கதை கோடம்பாக்கத்தில் இன்றும் உலவுகிறது.

1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆரை ராதா துப்பாக்கியால் சுட்ட வழக்கு தமிழ்நாட்டுக்கே தெரியும். ராதாவும் குண்டுக் காயத்தோடு கிடந்தார். இருவரும் சேர்ந்து நடித்த 'பெற்றால்தான் பிள்ளையா' வெளியாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் படம் தேர்தல் சுவரொட்டியாக ஊரெங்கும் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதியில் அவர் ஜெயித்தார், தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. ராதாவுக்கு ஏழாண்டு கடுங்காவல் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1971-இல் வெளியே வந்தார். இந்த ஒரு நாளைப் பற்றி எழுதப்பட்டிருக்கிற பக்கங்களில் பத்தில் ஒரு பங்கு அவருடைய அறுபது வருஷ நடிப்பைப் பற்றி எழுதப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்காக அந்த நாளைப் பூசி மெழுகவும் முடியாது. மேடையில் வாக்குவாதத்தால் எதையும் ஜெயித்தவர், வாழ்க்கையில் ஒரு வாக்குவாதத்தைத் துப்பாக்கி வரை கொண்டுபோனார். அதற்கான விலையைக் கொடுத்தார்.

சிறையிலிருந்து வந்தவரை எழுத்தாளர் விந்தன் சந்தித்துப் பேசி எழுதிய 'சிறைச்சாலைச் சிந்தனைகள்' கிடைத்தால் தேடிப் படியுங்கள். ராதாவின் பேச்சு அப்படியே காகிதத்தில் வந்து உட்கார்ந்த புத்தகம் அது. தன் வாழ்க்கையைச் சொல்லும்போதும் தனக்கு அனுதாபம் தேடாத மனிதரை அதில் பார்க்கலாம். அறுபத்து நான்கு வயதில் மறுபடி மேடை ஏறினார். 'சமையல்காரன்', 'வண்டிக்காரன் மகன்' என்று சில படங்களும் வந்தன. நெருக்கடி நிலை அமலானபோது மிசா சட்டத்தில் பிடித்து உள்ளே போட்டார்கள். அதையும் பார்த்துவிட்டு வந்தார். 1979 செப்டம்பர் 17-ஆம் தேதி திருச்சியில் இறந்தார். அன்று பெரியாரின் பிறந்தநாள். எம்.ஆர்.ஆர்.வாசு, ராதாரவி, ராதிகா, நிரோஷா என்று பிள்ளைகள் நடிப்பைத் தொடர்ந்தார்கள். குரலில் தகப்பனாரின் கரகரப்பு ஒருவர் இருவருக்கு வந்திருக்கிறது. கூட்டத்தோடு சண்டை போடும் அந்தத் துணிச்சலுக்கு இடமளிக்கும் மேடைதான் இப்போது இல்லை.

அவருடைய நாடக இரவுகளில் ஒன்றாவது முழுதாக ஒலிப்பதிவாகி யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கிறதா என்று தேடுகிற வேலையை ஏதாவது பல்கலைக்கழகம் கையில் எடுக்கலாம். 'ரத்தக்கண்ணீர்' நேரில் பார்த்தவர்களில் இன்னும் நம்மோடு இருப்பவர்களுக்கு இப்போது எண்பது, தொண்ணூறு வயது. அவர்கள் நினைவில் இருப்பதையாவது உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்க வேண்டும். நம் வீட்டுத் தாத்தா பாட்டிகளிடம் இந்த வாரமே கேட்கலாம்.

அவரை அடக்கப் போட்டதாகச் சொல்லப்பட்ட 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் இறந்த பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தது. நாடகம் போட வேண்டுமானால் போலீஸ் அனுமதிக்குக் காத்திருக்கும் நிலை சின்னச் சின்ன நவீன நாடகக் குழுக்களுக்கும் இருந்தது. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் ரத்து செய்தது. வழக்குப் போட்டவரும் ஒரு நாடகக்காரர்தான், 'பரீக்ஷா' நாடகக் குழுவின் ஞாநி.